ஹாலே நகரத்துக் கண்டி இளவரசன்

யாமல்வை என்றொரு ஊரை நான்கு மாதம் தேடினேன். அட்லசில் இல்லை. இலங்கைப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. பாளையங்கோட்டையில் இரண்டு வரலாற்றுப் பேராசிரியர்களைக் கேட்டேன். ஒருவர், அப்படி ஓர் ஊரே கிடையாது என்றார். மற்றவர், இருந்திருக்கலாம் என்றார். நான் இரண்டாமவரை நம்பினேன்.

அந்தப் பெயர் ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. என் தோழியின் மகள் தேன்மொழி ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் ஆராய்ச்சி செய்கிறாள். தரங்கம்பாடிப் பாதிரிமார் காலத்துத் தமிழ்க் கடிதங்களும் ஓலைகளும் அங்கே ஒரு பழைய காப்பகத்தில் இருக்கின்றன. அதனால் அந்த ஊரில் யாருக்காவது தமிழ் எழுத்து மாதிரி ஏதாவது அகப்பட்டால் நேரே அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்களாம். அப்படி ஹெல்கா என்ற அம்மாள், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு படத்தைக் கொண்டுவந்தார். குத்துச்சண்டை பற்றி என்றதும் தேன்மொழிக்கு என் ஞாபகம் வந்து அதை எனக்கு அனுப்பிவிட்டாள்.

படத்தில் நல்ல கறுப்பாக ஓர் ஆள். தலைப்பாகை, கையில் குத்துச்சண்டை உறை, வெற்று மார்பின் குறுக்கே அகலமாக ஒரு பட்டை. பட்டையில் அச்சுப் பதித்தாற்போல் தமிழில் 'யாமல்வை'. கீழே ஜெர்மனில், 'கண்டி இளவரசன். துணிந்தவர் எவரும் மோதலாம்.' ஹெல்காவின் தாத்தா அவர். முதல் உலகப் போருக்கு முன்னால் சந்தைக் கூடாரங்களில் சண்டை போட்டவர்.

நான் முப்பது ஆண்டு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவள். என் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தார். கப்பல்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் ஆங்கிலக் குத்துச்சண்டைப் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். மற்ற பெண்கள் சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்த்த வயதில் நான் அவற்றைச் சேர்த்தேன். அந்த ஆசாமியைப் பார்த்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஐரோப்பாவின் முதல் தமிழ்க் குத்துச்சண்டை வீரன்! கட்டுரைக்குத் தலைப்புகூட எழுதி வைத்துவிட்டேன்.

2004 அக்டோபரில் பிராங்பேர்ட்டில் இறங்கினேன். என்னை வரவழைத்தது ஸ்டெல்லா. மன்னாரிலிருந்து அகதியாக வந்து எங்கள் கல்லூரியில் படித்தவள், தடை ஓட்டத்தில் பல்கலைக்கழகப் பதக்கம் வாங்கியவள். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் பழைய வேகத்திலேயே ஓடிவந்து, பெட்டி தள்ளும் வண்டி ஒன்றையும் தாண்டினாள். பின்னால் அவள் கணவர் அன்ரன் மூச்சு வாங்க வந்தார்.

"வாங்கோ ரீச்சர். பிரயாணம் எல்லாம் சுகமோ?" என்றார். தமிழ்நாட்டில் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே சலித்திருந்தது. ரீச்சர் என்பது காதுக்கு இதமாக இருந்தது.

அன்று மதியம் ஸ்டெல்லா வீட்டில் குழல் பிட்டு, சொதி, மீன் பொரியல். எங்கள் ஊர்ப் புட்டு உதிரும், இது நிமிர்ந்து நின்றது. எனக்கு ஹாலேக்கு வழி காட்ட ஸ்டெல்லாவுக்கு விடுப்பு இல்லை, அன்ரன் வருவதாக முடிவாயிற்று. ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறார். பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் இருந்தாலும் கிழக்குப் பக்கம் போனதே இல்லையாம்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் கவனமா இருக்கோணும் ரீச்சர்," என்றார் அன்ரன். "மொட்டைத் தலைப் பெடியள் இருக்கிறாங்கள். எங்கட நிறத்தைக் கண்டா அவங்களுக்கு ஏலாது."

"இவர் தொப்பி போட்டுக்கொண்டு போறாராம், நிறத்தை மறைக்க," என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

மறுநாள் காலை ரயில் ஏறினோம். ஜெர்மன் ரயில்களின் துல்லியத்தைப் பற்றி அன்ரன் வழிநெடுக விரிவுரை ஆற்றினார். நான் ஸ்டெல்லா கட்டிக்கொடுத்த மீன் கட்லெட்டைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். வெளியே மலைச்சரிவில் மரங்கள் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. மதியத்துக்கு மேல் இன்னொரு வண்டிக்கு மாறினோம்.

அந்த வண்டியில் எதிர்வரிசையில் மொட்டைத் தலையுடன் ஓர் இளைஞன். கழுத்தில் பச்சை குத்தியிருந்தது, காலில் முழங்கால்வரை பூட்ஸ். அவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்ரன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார். ஒரு சின்ன நிலையத்தில் வண்டி நின்றபோது அவன் எழுந்து நேரே எங்களிடம் வந்தான். அன்ரன் என் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அதில் இரண்டு கட்லெட் மட்டும்தான் பாக்கி இருந்தது.

அவன் ஏதோ கேட்டான். அன்ரன் "ஹாலே" என்றார். அவன் தலையில் அடித்துக்கொண்டு படபடவென்று பேசினான். கதவு மூடிக்கொண்டது. வண்டி நகர்ந்தது.

"என்ன சொல்றான்?"

அன்ரன் முகம் சுண்டிப்போயிருந்தது. "இந்த ரெயின் இப்ப இரண்டாப் பிரிஞ்சிட்டுதாம் ரீச்சர். முன்பாதிதான் ஹாலேக்குப் போகுதாம். நாங்கள் பின்பாதியில இருக்கிறம். கன நேரமா எங்களைப் பாத்தவனாம், எங்க போறியள் எண்டு கேப்பமா விடுவமா எண்டு. நாங்கள் அவனைக் கண்டு பயப்பிடுறம் எண்டு நினைச்சுப் பேசாம இருந்தவனாம்."

இளைஞன் அடுத்த நிலையத்தில் எங்களோடு இறங்கி, எந்த நடைமேடை, எத்தனை மணி வண்டி என்று காட்டிக்கொடுத்துவிட்டு அங்கேயே தன் வண்டிக்காகக் காத்திருந்தான். நான் ஒரு கட்லெட்டை நீட்டினேன். கடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு. ஆனாலும் முழுவதும் தின்றான். நல்ல பையன்.

ஹாலே போய்ச் சேர இருட்டத் தொடங்கிவிட்டது. விடுதிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சோல்யாங்கா என்று ஒரு சூப் தந்தார்கள். ரஷ்யச் சூப்பாம், கிழக்கு ஜெர்மனிக்காரர்களுக்கு அது உயிர். புளிப்பும் காரமுமாக, நம் ரசத்தில் தொத்திறைச்சியை நறுக்கிப் போட்டதுபோல் இருந்தது. நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். அன்ரன் ரயிலைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை.

அடுத்த நாள் ஹெல்காவைப் பார்க்கப் போனோம். தேன்மொழி கருத்தரங்குக்காக வெளியூர் போயிருந்தாள், ஆனால் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆற்றுக்கு அந்தப் புறம், தீப்பெட்டிகளை அடுக்கியதுபோன்ற பெரிய குடியிருப்புக் கட்டடங்கள். அதில் ஐந்தாவது மாடி. லிப்ட் இல்லை. எழுபத்து நாலு வயது அம்மாள் தினமும் எப்படி ஏறுகிறார் என்று யோசித்தபடியே மேலே போனால், அவரே எங்களை முந்திக்கொண்டு கையில் மாவுப் பையுடன் படியேறிப் போனார்.

குட்டையான, திடமான உடம்பு. குட்டையாக வெட்டிய சுருள் முடி, நரைத்தது. நிறம், எங்கள் ஊரில் 'மாநிறம்' என்று சொல்லிப் பெண் பார்க்க வருகிறவர்கள் யோசிக்கும் நிறம். எனக்கு அந்த யோசனைகளோடு பழக்கம் உண்டு. என்னைப் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் வடையைத் தின்றுவிட்டு, பெண் கொஞ்சம் கறுப்பு என்று சொல்லியனுப்பினார்கள். நாலாவது குடும்பத்துக்கு நான் வடை சுடவில்லை.

ஹெல்கா முதலில் ரயில் கதையைக் கேட்டுவிட்டு அன்ரனைத் திட்டினார். முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவராம், ஒரு பயணியையும் தவறான இடத்துக்குக் கொண்டுபோனதில்லையாம். பெட்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டீர்களா என்றார். பிறகு அரைத் தட்டை அடைத்த பிளம்ஸ் கேக்கை எங்கள் முன் வைத்து, "சாப்பிட்டு முடிச்சாத்தான் கதை," என்றார். அவர் சொன்னதை எல்லாம் அன்ரன் உடனுக்குடன் தமிழாக்கினார். அதனால் என் நினைவில் அந்த ஜெர்மன் அம்மாள் மன்னார்த் தமிழில்தான் பேசுகிறார்.

"என்ர தாத்தா கண்டி ராசாவின்ர வம்சம். என்ர அம்மாவுக்கு ரெண்டு வயசா இருக்கேக்க காய்ச்சல் வந்து செத்துப்போனார். பாட்டி சலவைக்காரி. அவர் விட்டிட்டுப் போனது இந்தப் பட்டையும் ஒரு கொப்பியும்தான்."

"இலங்கையை எப்போ விட்டு வந்தாராம்?"

"தெரியாது. அம்மா கனக்கக் கேக்க விடமாட்டா. ஹிட்லரின்ர காலத்தில அம்மாவை ஒபிசுக்குக் கூப்பிட்டவை. நீ என்ன இனம், உன்ர தேப்பன் ஆர் எண்டு. கறுப்பு ஆக்களுக்குப் பிறந்த பிள்ளையளைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இனிப் பிள்ளை பெறாத மாதிரிச் செய்த காலம். அம்மா இந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு போனா. நான் ராச குடும்பம், இந்திய ஆரிய வம்சம், இது எங்கட அரண்மனையின்ர பேர் எண்டு சொன்னா. அங்க இருந்த மனுசன் இந்த எழுத்தைப் பாத்துப் பாத்து அப்படியே பைலில கீறினவனாம். கீறிச் சீல் அடிச்சு, போ எண்டு விட்டிட்டான். அம்மாவின்ர வேலை போச்சு. ஆனா ஆஸ்பத்திரிக்கு அனுப்பேல்ல. என்ர தம்பி பிறந்தது அதுக்குப் பிறகுதான்."

அன்ரன் இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கேக் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அதுதான் எனக்குத் தெரியவேணும்," என்றார் ஹெல்கா. "என்ர அரண்மனையின்ர பேர் என்ன?"

அலமாரியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய பட்டையை எடுத்து மேசையில் விரித்தார். படத்தில் கம்பீரமாகத் தெரிந்தது கையில் எடுத்தால் சொரசொரவென்று இருந்தது. சாக்குத் துணிதான், சிவப்புச் சாயம் ஏற்றி ஓரங்களில் பொன்னிறச் சரிகை தைத்திருந்தார்கள். எழுத்துகள் கறுப்பு மையில், தகரத்தில் வெட்டிய அச்சால் அடித்தவை. இரு முனைகளும் உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. 'வை'க்குப் பிறகு மடிப்பின் ஓரத்தில் இன்னோர் எழுத்தின் வளைவு எட்டிப் பார்த்தது.

மடிப்பைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்கச் சொன்னேன். ஹெல்கா யோசிக்கவே இல்லை. நகம் வெட்டும் கத்தரியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்ணூறு வருடத்துத் தையலைத் தானே பிரித்தார். ஒரு முனை விரிந்தது. 'நனை' என்று வந்தது. மறுமுனை விரிந்தது. 'க்கவும்' என்று வந்தது. அதற்குக் கீழே சின்னதாகக் கொழும்பு.

நனையாமல் வைக்கவும்.

நான்கு மாதம் தேடிய ஊர் அதுதான். தமிழ் படித்த எந்தக் குழந்தைக்கும் ஒரு கணத்தில் தோன்றியிருக்கும். தேன்மொழிக்கும் எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு ஓர் இளவரசன் வேண்டியிருந்தான், அதுதான் காரணம்.

அன்ரனுக்குப் படித்ததும் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரீச்சர், இதை நீங்களே சொல்லுங்கோ."

"எனக்கு ஜெர்மன் தெரியாதே!"

வேறு வழியில்லாமல் அவரே சொன்னார். கொழும்பிலிருந்து ஏதோ சரக்கு வந்த சாக்கு, கப்பலில் மூட்டை தூக்குகிறவர்களுக்காக எழுதியது, ஈரம் படாமல் வைக்கச் சொல்கிறது என்று.

ஹெல்கா மெதுவாக, "அவன் பைலில கீறினது?" என்றார்.

"இதைத்தான்."

"சீல் அடிச்சு?"

"ஓம்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. "இனச் சுத்தம் பாக்கிற ஒபிஸ்! கழுகுச் சின்னம் போட்ட சீல்! அரண்மனையின்ர பேர், நனைக்காதேங்கோ!" என்று திணறினார். கீழ் வீட்டுக்காரர் விட்டத்தை ஏதோ கம்பால் குத்தினார். ஹெல்கா பதிலுக்குக் காலால் தரையில் உதைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் கொப்பியை எடுத்துத் தந்தார். கறுப்பு அட்டைக் குறிப்பேடு, பென்சிலில் ஆங்கிலம். இலங்கையை ஆண்டது வெள்ளைக்காரன், ஆகவே இளவரசனுக்கு ஆங்கிலம் தெரிந்தது அந்த வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை. போருக்குப் பிறகு ஹெல்கா படித்த பள்ளியில் ரஷ்ய மொழிதான் சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்தவர் ஒருவரிடம் எப்போதோ காட்டியபோது, கையெழுத்து விளங்கவில்லை, ஏதோ சண்டைக் கணக்கு என்று திருப்பித் தந்துவிட்டாராம்.

கையெழுத்து மோசம்தான். ஆனால் முப்பது வருடம் மாணவிகளின் விடுப்புக் கடிதங்களைப் படித்த கண் எனக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதல் பக்கங்களில் ஊர்ப்பெயர், எதிராளியின் தொழில், எத்தனை சுற்று. கசாப்புக்காரன், இரண்டு. கொல்லன், நாலு, நல்ல கை. மதுக்கடைக்காரன், ஞாயிறு, நான் விழ வேண்டும் என்று முதலாளி சொன்னார், விழுந்தேன். எட்டாவது பக்கத்தில் 'பால்டிமோர்' என்ற சொல் வந்தது. பத்தாவது பக்கத்தில், அக்கா ஐடா பாடும் தேவாலயம், தெருப்பெயரோடு. அடுத்த வரியில் தன் பெயரையே எழுதியிருந்தார். வால்டர்.

கண்டியும் இல்லை, கொழும்பும் இல்லை. அமெரிக்கக் கறுப்பர்.

எனக்கு அந்தக் காலம் பத்திரிகைகளிலிருந்து மனப்பாடம். வெள்ளைக்கார ஹெவிவெயிட் சாம்பியன்கள் கறுப்பர்களோடு மேடையேறவே மாட்டோம் என்று வருடக்கணக்கில் தட்டிக்கழித்தார்கள். கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஒரு கறுப்பர் அந்தப் பட்டத்தை அடித்து வாங்கினார். அவரை வீழ்த்த ஒரு வெள்ளையன் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடி, ஓய்வு பெற்றுப் பண்ணையில் கிடந்த பழைய சாம்பியனைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். அவரும் தோற்றார். அன்று அமெரிக்காவில் பல ஊர்களில் கறுப்பர்களை அடித்தார்கள், கொன்றார்கள். அந்தச் சண்டையின் படத்தை ஓட்டக்கூட நிறைய இடங்களில் தடை. இதையெல்லாம் நான் ஏதோ வீரகதை மாதிரிப் படித்து வளர்ந்தவள். வால்டரின் பென்சிலில் அதன் மறுபக்கம் இருந்தது.

அந்தப் பழைய சாம்பியன் தோற்ற செய்தி ஜெர்மனிக்கு எட்டிய வாரத்தில் ஒரு கூட்டம் கூடாரக் கயிறுகளை அறுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். முதலாளி சொன்னாராம்: நீக்ரோ ஒருவன் நம் ஊர்க்காரனை அடித்துப் போட்டால் கலவரம். கிழக்கத்திய இளவரசன் அடித்துப் போட்டால், அடி வாங்கியவனுக்கே அது பெருமை. மறுநாள் தலைப்பாகை வந்தது. வால்டர் எழுதுகிறார்: 'அதே கை, அதே குத்து. இப்போது கைதட்டுகிறார்கள்.'

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"என்ன ரீச்சர், நிப்பாட்டிட்டீங்கள்?"

அன்ரனிடம் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, "இன்னிக்கு இது போதும்பா. அரண்மனை போச்சு, அதுக்குச் சிரிச்சிட்டாங்க. தாத்தாவையும் எடுத்துட்டுப் போகணுமா? எழுபது வருஷமா நம்பினது," என்றேன். உண்மையைச் சொன்னால் என் கட்டுரையும் அதோடு போகிறது. அதுவும் மனதில் ஒரு மூலையில் இருந்தது, மறைப்பானேன்.

அன்ரன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "நானும் ஒருக்கா வேற ஆளா இருந்தனான் ரீச்சர். வரேக்க என்ர பாஸ்போட்டில இருந்த பேர் வேற, ஊர் வேற. மூண்டு நாள் அந்த ஆளாத்தான் சாப்பிட்டன், நித்திரை கொண்டன். இறங்கின உடன பொலிசிட்டப் போய் முதல் சொன்னது என்ர சொந்தப் பேர்தான். அதைச் சொல்லேக்க வந்த நிம்மதி இருக்கே... இந்த மனுசன் சொல்ல ஆள் இல்லாமக் கொப்பியில எழுதி வைச்சிருக்குது."

ஹெல்கா காபிக் கோப்பையை டக்கென்று வைத்தார். அன்ரன் சிரிப்பும் கூச்சமுமாக அதைத் தமிழாக்கினார். "நீங்கள் ரெண்டு பேரும் என்ர தாத்தாவைப் பற்றி என்னைக் கேக்காம முடிவெடுக்கிறியள். உங்கட முகத்தில தெரியுது. நான் டிராம் ஓட்டினனான், கண்ணாடியில ஆக்களின்ர முகம் பாத்துத்தான் பழக்கம். சொல்லுங்கோ."

சொன்னோம். நான் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொல்ல, அன்ரன் ஜெர்மனில் சொன்னார். முழுக் குறிப்பேடும் முடிய மாலை நாலு மணி ஆகிவிட்டது. ஹெல்கா குறுக்கே பேசவே இல்லை. பாட்டியின் பெயர் வந்த இடத்தில் மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். 'மார்த்தா என் சட்டைகளைத் துவைக்கிறாள். என் உண்மைப் பெயரை அவளிடம் மட்டும் சொன்னேன். அழகாகத் தப்பாகச் சொல்கிறாள்.'

"பாட்டிக்குத் தெரியும்," என்றார் ஹெல்கா. "அப்ப அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுகொண்டுதான் அந்த ஒபிசில நிண்டு கதைச்சிருக்கிறா." எழுந்து ஜன்னலண்டை போய் நின்றார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். திரும்பியபோது அவர் முகத்தில் இருந்தது பெருமை. "அம்மா பயந்தவ எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சனான்."

பிறகு கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. "அவர் நல்லாச் சண்டை பிடிச்சவரோ?"

முப்பது ஆண்டு அனுபவத்தோடு பதில் சொன்னேன். விழச் சொன்ன சண்டைகளில் மட்டும் விழுந்திருக்கிறார். மற்றவற்றில் ஒன்றிலும் விழவில்லை. படத்தைக் காட்டி, வலது கால் முன்னால் இருப்பதைப் பாருங்கள், இடக்கைக்காரர், அந்தக் காலத்தில் இடக்கைக்காரனோடு மோத யாருக்கும் பிடிக்காது என்றேன். நிற்கும் விதத்தையும் செய்து காட்டினேன். ஹெல்கா உடனே அதேபோல் நின்றார். தானும் இடக்கைதானாம். கிழவி விட்ட முதல் குத்தில் அன்ரனின் தோளில் நல்ல அடி. "எட மாதாவே!" என்றார் அன்ரன்.

மறுநாள் காலை மறுபடி ஐந்து மாடி ஏறினோம். ஹெல்கா இரவே முடிவு செய்துவிட்டார். பால்டிமோருக்குக் கடிதம் எழுத வேண்டும். யாருக்கு? ஐடா பாடிய தேவாலயத்துக்கு. தொண்ணூறு வருடத்துக்குப் பிறகு அந்தத் தேவாலயம் இருக்குமா என்றேன். "பாதிரிமாரின்ர கடிதம் இருநூறு வருசமா இந்த ஊரில பத்திரமா இருக்குதாமே. கோயில் கல்லால கட்டினதுதானே?" என்றார்.

ஹெல்கா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். வால்டரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, படத்தின் நகலை வைத்து, பதில் போட அன்ரனின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தோம். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'எங்களுக்கு எதுவும் வேண்டாம். அவர் இங்கே நன்றாக அடக்கம் செய்யப்பட்டார் என்று ஐடாவின் வீட்டில் யாராவது இருந்தால் தெரியட்டும்.' அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு எங்களை ரயிலடிவரை கொண்டுவந்து விட்டார். பெட்டியின் பக்கத்தில் இருந்த எழுத்தை அன்ரனை உரக்கப் படிக்க வைத்த பிறகே ஏறவிட்டார்.

பிறகு நான் ஸ்டெல்லா வீட்டில் தங்கி, ஆஹென் நகரில் படிக்கும் பழைய மாணவியின் மகனைப் பார்த்தேன், ரைன் நதியில் படகில் போனேன், சளி பிடித்துப் படுத்தேன். பதிலை எதிர்பார்ப்பதை நிறுத்திய நாலாவது வாரம் அன்ரன் வேலையிலிருந்து தொப்பியும் கையுமாக ஓடிவந்தார். தேவாலயத்திலிருந்து எழுதியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கடிதத்தை வாசித்தார்களாம். மூன்றாவது வரிசையில் ஒரு வயதான பெண்மணி எழுந்து நின்றாராம். ஐடாவின் பேத்தி, பெயர் டோரத்தி. தொலைபேசியில் பேச வேண்டும் என்கிறார்.

ஹெல்கா ஞாயிற்றுக்கிழமை பிராங்பேர்ட்டுக்கு வந்து சேர்ந்தார், தனியாக, சரியான பெட்டியில். ஸ்டெல்லா பிட்டு அவித்திருந்தாள். ஹெல்கா அதை முள்கரண்டியால் கேக் மாதிரி வெட்டித் தின்றார், இரண்டாவது குழலும் கேட்டார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வந்திருந்தார். சாப்பிடும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பால்டிமோரில் அவர்கள் கோயிலுக்குக் கிளம்பும் முன் பேசுவதாக ஏற்பாடு. இங்கே மதியம்.

மணி அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டு வைத்திருந்தார் அன்ரன். நான் முதலில் பேசி, நான் யார், நானும் அன்ரனும் எப்படி மொழிபெயர்ப்போம் என்றெல்லாம் டோரத்தியிடம் விளக்கினேன். பிறகு ஹெல்காவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். வாயைத் திறந்தார். மனப்பாடம் செய்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

"நான்தான்," என்றார், ஜெர்மனில். வெளியே போன ஆள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுச் சொல்வதுபோல.

அந்தப் பக்கம் டோரத்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார், வேகமாக, நீளமாக. ஹெல்கா "யா, யா" என்று தலையாட்டினார். ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. பிறகு ஹெல்கா ஜெர்மனில் ஆரம்பித்தார். அந்தப் பக்கத்திலிருந்து "யெஸ், யெஸ்" என்று கேட்டது. நான் என் கடமையைச் செய்யலாம் என்று தொலைபேசிக்குக் கையை நீட்டினேன்.

அன்ரன் என் கையைப் பிடித்தார். "விடுங்கோ ரீச்சர். அவை கதைக்கட்டும்."

அவர் ஒலிபெருக்கியை அணைத்தார். நாங்கள் மூவரும் சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தோம்.